வடிவு டீச்சர் குத்திய எண்கள்

தட்டாம்பேரியில் போஸ்ட் ஆபீசுக்கு எதிரே, பஜார் தெருவும் ரயிலடித் தெருவும் முட்டிக்கொள்ளும் முக்கில் சண்முகவடிவு என்கிற வடிவு டீச்சர் தன் வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், இனிமேல் டைப்ரைட்டிங்குக்கு எதிர்காலம் கிடையாது என்று யாரோ சொல்லக் கேட்ட அவளுடைய சிங்கப்பூர் அண்ணன், தங்கச்சி பிழைப்பு கெட்டுப்போகக் கூடாதே என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கம்பளிப் போர்வையில் சுற்றி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். பார்ப்பதற்கு அது நீரில் ஊறி உப்பிப்போன டைப்ரைட்டர் மாதிரி இருந்தது. தாள் செருக இடமில்லை. டிவிப் பெட்டியோடு சேர்த்து மாட்டினால் திரை நீலமாகி, மூலையில் ஒரு சின்னக் கட்டம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, என்ன வேணும் சொல்லு என்று கேட்பதுபோல் காத்துக்கிடக்கும்.

கூடவே வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வடிவு தானாகவே பேசிக் என்ற அதன் பாஷையைப் படிக்க ஆரம்பித்தாள். முதலில் தன் பெயரைத் திரை முழுக்க எழுதவைத்தாள், பிறகு கூட்டல் கழித்தல் செய்யவைத்தாள், பிறகு பீக், போக் என்ற இரண்டு சொற்கள் இருந்த பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டரின் ஞாபகம் என்பது வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு எண், ஒவ்வொரு அறைக்குள்ளும் பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்துக்குள் ஒரு எண் குடியிருக்கிறது, பீக் என்றால் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது, போக் என்றால் உள்ளே இருப்பதைத் தூக்கிவிட்டு நாம் விரும்பிய எண்ணைக் குத்தி இறக்குவது என்று புத்தகம் சொன்னது. எந்த அறையில் எதைக் குத்துகிறோம் என்று தெரியாமல் குத்தினால் விளைவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றும் சொன்னது.

வடிவு ஏதோ ஒரு அறையை எட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றேழு என்று வந்தது. அந்த எண் திரையில் தெரிந்த மாத்திரத்தில், வெகுநேரமாக நாக்கு நுனியில் நின்ற ஒரு பேர் தானாக வந்து விழுவதைப்போல, எதிரே இருந்த போஸ்ட் ஆபீசின் கதவு அவள் மனசுக்குள் வந்தது. ஏன் வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. அந்த அறையில் பூஜ்யத்தைக் குத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், போஸ்ட் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம் நின்று கதவை இழுத்துக்கொண்டிருந்தது. அது தள்ளித் திறக்கிற கதவு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஊரே தள்ளித் திறந்த கதவு. மணியார்டர் வாங்க வந்தவர்கள் இழுத்தார்கள், தபால் பையோடு வந்த போஸ்ட்மேன் இழுத்தார், உள்ளே மாட்டிக்கொண்ட போஸ்ட் மாஸ்டர் பயந்துபோய் உள்ளிருந்து தள்ளினார். வடிவு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி தொண்ணூற்றேழைக் குத்தினாள். எல்லோரும் தள்ளினார்கள், கதவு திறந்தது, உள்ளே போய் வேலையைப் பார்த்தார்கள்.

இப்படியாக, தட்டாம்பேரி எதையெதை எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறது என்பது அந்தப் பெட்டி வழியாகத் தெரிகிறது என்ற சமாசாரம் வெளியே வந்தது. பூஜ்யம் என்றால் ஊர் அடியோடு மறந்துவிடும், இருநூற்றைம்பத்தைந்து என்றால் மறக்கவே முடியாது, குத்துகிறவளுக்கு மட்டும் எதுவும் மறக்காது. பெட்டியை அணைத்தாலும் குத்தியது குத்தியபடியே நின்றது, ஏனென்றால் எண்கள் ஊருக்குள் இருந்தன, பெட்டி வெறும் ஜன்னல்தான். இதைக் கேட்டு ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. சிங்கப்பூர்ச் சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். தையல் மிஷின் வந்தபோதும் மிக்சி வந்தபோதும் எப்படிப் பழகிக்கொண்டார்களோ அப்படியே இதற்கும் பழகிக்கொண்டு, கேட்பதற்கு வரிசையில் வந்து நின்றார்கள். போக் என்ற சொல்லைப் பெரியவர்கள் போக்கு என்றே காதில் வாங்கினார்கள், பேயைப் போக்குகிற மாதிரி, தோஷத்தைப் போக்குகிற மாதிரி. இளவட்டங்கள் குத்து என்றார்கள், தேர்தலில் ஓட்டுக் குத்துகிற மாதிரி.

முதலில் வந்தவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாசிலாமணி. எப்போதோ இன்ஸ்பெக்ஷன் வந்த அதிகாரியை, பதற்றத்தில், ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் 'வாங்கம்மா' என்று அவர் அழைத்துவிட, அந்த அதிகாரி மீசை வைத்த ஆறடி மனுஷனாக இருக்க, அன்று தொட்டு அவர் ஊருக்கு 'அம்மா சார்' ஆகிப்போனார். அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டு வெந்துபோயிருந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இதைக் கொஞ்சம் போக்கிக் குடுங்க டீச்சர் என்று கேட்டார். வடிவு அறையைத் தேடிப் பூஜ்யத்தைக் குத்தினாள். மறுநாள் அவர் பஜாரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் நாளும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் நின்றவர் யாராவது எதையாவது சொல்வார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டார்.

வடக்குத் தெருவும் கீழத் தெருவும் தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. ரெண்டு தெருப் பெரிய மனுஷர்களும் தனித்தனியாக வந்து, சண்டையின் காரணத்தை ஊர் மறந்துவிட்டால் சமாதானமாகிவிடலாம் என்றார்கள். வடிவு காரணத்தை அழித்தாள். ஆனால் பேசக் கூடாது என்பது வேறொரு அறையில் இருந்ததோ என்னவோ, அது அப்படியே நின்றது. ஏன் பேசாமல் இருக்கிறோம் என்று தெரியாமல் பேசாமல் இருப்பது பேசாமல் இருப்பதைவிடக் கொடுமையாக இருந்ததால், காரணத்தைத் தெரிந்துகொள்ள மறுபடி அவளிடமே வந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. சரி என்று போய், அந்த வாரக் கடைசிக்குள் தெருக்குழாய்ப் பக்கம் புதிதாக ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு நிம்மதியானார்கள்.

பிறகு பேரூராட்சித் தலைவர் வெள்ளத்துரை வந்தார். அவர் கட்டின தண்ணீர்த் தொட்டியை ஊர் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். எட்டிப் பார்த்தால் நாலு. வெள்ளத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இதை இருநூற்றைம்பத்தாறாக ஆக்கு என்றார். அவ்வளவு ஏறாது, இருநூற்றைம்பத்தைந்துதான் உச்சி என்று வடிவு சொல்லிப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை, அவளும் குத்தினாள், அளவு சரியில்லை என்று திரையில் எழுத்து வந்தது. பெட்டிக்குள் எதிர்க்கட்சிக்காரன் யாரோ இருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. ஒருவழியாக இருநூற்றைம்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் ஊர் முழுக்கத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொண்டு விழித்தது. தொட்டி திறந்த அன்றைக்கே ஒழுகினதையும், சிமெண்டு ஏற்றிவந்த லாரி அவருடைய மச்சினன் வீட்டு வழியாகப் போனதையும், மாடிப்படி இல்லாத தொட்டிக்கு மேலே ஒரு ஆடு எப்படியோ ஏறி நின்றதையும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் மனுக்களோடு நின்றார்கள். பின்வாசல் வழியாக ஓடி வந்த வெள்ளத்துரை, தாயி, அந்தப் பழைய நாலையே குடுத்திரு என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் குத்திக்கொண்டிருந்த வடிவுக்குத் தனக்கென்று ஒரு அறை இருப்பது தெரியாமலில்லை. கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இழுத்துக்கொள்வாள்.

வடிவுக்கு இருபத்திரண்டு வயசில் கல்யாணம் நிச்சயமாகி, பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்த காலையில், கால்வாயில் குளித்துவிட்டு வருகிறேன் என்று போன மாப்பிள்ளை குற்றாலிங்கம் தலையில் ஈரத் துண்டோடு தென்காசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். சில மாசம் கழித்துத் திரும்பி வந்து, உரக்கடை வைத்து, வேறொருத்தியைக் கட்டி, அந்த மகராசி மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்தும்விட்டாள். ஆனால் ஊருக்கு வடிவு இன்றைக்கும் 'பந்தல் பிரிச்ச வீட்டுப் பொண்ணு'தான். காய்கறி வாங்கப் போனால் ஒரு கத்தரிக்காய் கூடப் போட்டு, பாவம் என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையை அவளால் ஜீரணிக்க முடிந்ததே இல்லை. குற்றாலிங்கமோ இன்ஸ்டிட்யூட் வழியாக நடப்பதற்கு வெட்கப்பட்டு, குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான், மழைக்காலத்தில் முழங்கால் சேற்றிலும்.

அந்த நாளில் அவளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஆவுடையம்மாள். மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவாக, அவன் பக்கத்து ஆளாகத்தான் அவள் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். பந்தலில் எல்லோரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்க, அவள்தான் அறைக்குள் போய், மாலையும் பட்டுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வடிவைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து, பந்தியில் முதல் இலையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடும்போது அழாதட்டி, புரையேறிரும், ஒண்ணு சாப்பிடு, இல்லைன்னா அழு என்றாள். வடிவு சாப்பிட்டாள். அதற்கப்புறம் ஆவுடை தன் மாவு மில்லைச் சாத்திவிட்டு, புருவத்திலும் தலையிலும் மாவோடு, சாயங்காலந்தோறும் இன்ஸ்டிட்யூட் பெஞ்சில் வந்து உட்காருவது வழக்கமாகி, அதில்லாத சாயங்காலம் ஒன்று உண்டு என்பதே ரெண்டு பேருக்கும் மறந்துபோனது.

ஒருநாள் கருவேப்பிலைக் கொத்து ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டு ஒரு கிழவி வடிவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போக, வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அறையை எட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாலு என்று இருந்தது. பூஜ்யத்தைக் குத்தினாள்.

ஊர் மறந்தது. கத்தரிக்காயை எண்ணிப் போட்டார்கள். அவளை நேராகப் பார்த்துப் பேரம் பேசினார்கள், சண்டைகூடப் போட்டார்கள், அவளுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. ஆனால் இத்தனை லட்சணமான, சம்பாதிக்கிற பெண் ஏன் கல்யாணமாகாமல் இருக்கிறாள் என்று ஊருக்கு இப்போது விளங்கவில்லை. விளங்காததை ஊர் சும்மா விடாது. தரகர்கள் வந்தார்கள், தரகர் அல்லாதவர்களும் ஜாதகத்தோடு வந்தார்கள், டைப் அடிக்க வருகிற பெண்களின் அம்மாமார்கள் தங்கள் கொழுந்தன்மார்களைப் பற்றி யாரும் கேட்காமலே சொன்னார்கள், மில்ட்ரியில் ரிட்டயரான ஒருவர் சைக்கிளில் வந்து தன் பல் எல்லாம் சொந்தப் பல் என்று காட்டிவிட்டுப் போனார்.

குத்திய அன்றைக்கே சாயங்காலம் ஆனது. ஆவுடை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று வடிவே மில்லுக்குப் போனாள். ஆவுடை மாவுப் புகைக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, வாங்க டீச்சர், கோதுமையா பச்சரிசியா என்று கேட்டாள்.

அரைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை என்றாள் வடிவு. பிறகு, கால்வாயில் குளிக்கப் போன மாப்பிள்ளையைப் பற்றியும், பந்தியில் முதல் இலையைப் பற்றியும், சோற்றையும் அழுகையையும் சேர்க்காதே என்று ஒருத்தி சொன்னதைப் பற்றியும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஆவுடை மிஷினை நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சினிமாக் கதை கேட்கிற மாதிரி நின்று கேட்டாள்.

"அடப் பாவமே. எந்த ஊர்ல நடந்துச்சு டீச்சர்?" என்றாள்.

வடிவு திரும்பி வந்து பெஞ்சில் தான் ஒருத்தியாக உட்கார்ந்து பார்த்தாள். ஒருத்தி உட்கார்ந்தால் அந்த பெஞ்சு ஒரு பக்கம் தூக்குகிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாம்பாளத்தில் ஆப்பிளும் பூவும் வைத்துக்கொண்டு, ஒரு மாப்பிள்ளை வீட்டார் குளத்தங்கரையைச் சுற்றாமல் நேர் வழியாகவே பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குற்றாலிங்கம். கூட அவனுடைய சித்தப்பா, சொந்தக்காரி என்ற முறையில் ஆவுடையம்மாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் உங்களைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன் பாருங்கள் என்று குற்றாலிங்கம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். வெட்கமும் பயமும் கழன்றுபோன அவன் முகம், நிச்சயத்துக்கு முன்னால் காட்டின போட்டோவில் இருந்த அதே முகமாக, அவளுக்கு ஒரு காலத்தில் பிடித்த முகமாக இருந்தது. தன்மையாகப் பேசினான். இன்ஸ்டிட்யூட்டை மூடவேண்டாம், உரக்கடைக்கு ரசீது அடிக்கக் கம்ப்யூட்டர் சவுகரியமாக இருக்கும் என்றான். சித்தப்பா ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே, பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்றார்.

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பந்தல் மறுபடி போடலாம், வாழை கட்டலாம், முதல் பந்தல் ஒன்று இருந்தது அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அவள் பேசாமல் இருந்தால் அது நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.  காப்பி போடுகிறேன் என்று எழுந்தாள்.

"நீங்க இருங்க டீச்சர், நான் போட்டுத் தாரேன்" என்றாள் ஆவுடை.

கொஞ்ச நாள் முன்புவரை ஆவுடை வடிவை 'நீங்க' என்றதே இல்லை. ஆவுடை அடுப்படிக்குள் போய், சர்க்கரை டப்பா எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வடிவு அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, ரசீது எப்படி அடிக்கும் என்று காட்டுகிறேன் என்று குற்றாலிங்கத்திடம் சொல்லிவிட்டு, பெட்டியைப் போட்டு, நீலத்திரை வந்ததும், அறை எண்ணை அடித்து, இருநூற்றுப் பதினாலைக் குத்தினாள்.

சித்தப்பாவின் வாயில் ஜாங்கிரி பாதியில் நின்றது. குற்றாலிங்கம் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து தாம்பாளத்தை ஒளித்துவைக்க இடம் தேடுகிறவன்போல மேஜைக்கு அடியில் பார்த்தான். அடுப்படியில் டப்பாச் சத்தம் நின்று, காப்பித் தட்டோடு ஆவுடை வாசற்படியில் வந்து நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு, இவன் எதுக்கு இங்கன உக்காந்திருக்கான்?"

"பொண்ணு பாக்க வந்திருக்காரு."

"யாரை?"

"என்னையத்தான்."

ஆவுடை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் காப்பி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று யோசிக்கிறவளாக நின்றாள். வடிவு குற்றாலிங்கத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவன் வாசலைப் பார்த்தான். நடுவில் ஆவுடை நின்றாள்.

"இப்பக் கேளுங்க," என்றாள் வடிவு. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க."

"கேக்கதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல" என்றான் அவன். குரல் சன்னமாக வந்தது.

"சரி. நான் ஒண்ணு கேக்கேன். ஏன் போனீங்க?"

இந்தக் கேள்விக்கு வடிவு தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பதில்கள் ஏராளம். நிறம் என்று நினைத்திருக்கிறாள், தெற்றுப்பல் என்று நினைத்திருக்கிறாள், நிச்சயத்தன்று சத்தமாகச் சிரித்ததுதான் காரணம் என்று பல வருஷம் சத்தமில்லாமல் சிரித்திருக்கிறாள், கண்ணாடி முன்னால் நின்று காரணத்தைத் தன் முகத்தில் தேடியிருக்கிறாள்.  குற்றாலிங்கம் பொய் சொல்ல நினைத்து அதற்கும் ஒன்றும் அகப்படாதவன் மாதிரி உதட்டை நனைத்துக்கொண்டான்.

"குளிச்சிட்டு ரோட்டுல ஏறினேன். பஸ் வந்துச்சு. நான் கையக் காட்டல. அதுவா நின்னுச்சு," என்றான். "பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். தென்காசி போற வரைக்கும் நான் எதுக்கு ஏறினேன்னு யோசிச்சுக்கிட்டே போனேன். இறங்கினப்ப, இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பன்னு ஆயிப்போச்சு."

வடிவு அவனையே பார்த்தாள். முதலில் அவளுடைய தோள்தான் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்து ஆவுடை தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்து பார்த்தால் சிரிப்பு. தெற்றுப்பல் தெரிய, சத்தமாக, நிச்சயத்தன்று சிரித்ததைவிடச் சத்தமாக அவள் சிரித்தாள். ஆவுடை அவளைப் பார்த்துச் சிரித்தாள். சித்தப்பா, சிரிக்கலாமா என்று தெரியாமல், ஜாங்கிரியை விழுங்கினார். எங்களுக்குச் சம்மதமில்லை என்று ஆவுடை பெண் வீட்டார் முறையில் சொல்லி, ஆறிப்போகும் முன்னால் குடித்துவிட்டுப் போ என்று காப்பியை அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்தான். கடவாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, ஆப்பிளை அங்கேயே விட்டுவிட்டு, நேர் வழியாகவே வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் குளத்தங்கரையைச் சுற்றவில்லை.

வடிவு அதோடு குத்துவதை நிறுத்திவிட்டாள். பெட்டிக்குள் எறும்பு புகுந்துவிட்டது என்று சொன்னாள், ஊரும் சரி என்று ஏற்றுக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தது. சில மாசம் கழித்து, எண் குறைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒருதரம் தன் அறையை எட்டிப் பார்த்தாள். குறையவில்லை. யாரும் குத்தாமலே அது இருநூற்றைம்பத்தைந்துக்கு ஏறி உச்சியில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் காரணம் அவளேதான். மாவு மில் வரிசையிலும், கோயில் கொடை விழாவிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் அந்தக் கதையைக் குரலை மாற்றி, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்காட்டி, அவளைவிட நன்றாகச் சொல்ல ஊரில் ஆளில்லை. பாவம் என்று பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பரீட்சையில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்த பையனும், ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டவளும், திடீரென்று மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்ற சலூன்காரரும், ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன்" என்றார்கள். தட்டாம்பேரியில் அதற்கு மேல் யாரும் யாரையும் விளக்கம் கேட்பதில்லை.